க்ளெய்ம் கேளாத குடும்பங்கள்

போன மாதம் பென்ஷன் விஷயமாக நம்முடைய இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு வந்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காத ஒரு பெண், மெடிக்கல் பாலிசிக்காரர்களுக்கு ஃபோனில் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். ‘இந்த ஆண்டும் நீங்கள் க்ளெய்ம் கேட்கவில்லை. பாராட்டுகள்!’ பக்கத்தில் பூங்கொத்துப் படம் வேறு. நல்ல பெண்தான். என்னை உட்காரவைத்து, பையனிடம் காபி வாங்கி வரச் சொன்னாள். ஆனால் அந்தப் பூங்கொத்தைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. காபி வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது அங்கே வேலை பார்க்கிற உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன். இத்தனை வருஷமாகியும் ஆறாத கோபம் இது, ஆறவும் வேண்டாம்.

எழுபதுகளின் கடைசியில் நான் தென்காசி கிளையில் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தேன். அப்போது மெடிக்கல் பாலிசி என்ற ஒன்றே எங்களிடம் கிடையாது. லாரி, பஸ், டிராக்டர், கடைகளுக்குத் தீ பாலிசி, அவ்வளவுதான். புளியறை செக்போஸ்ட் வழியாகக் கேரளாவுக்கு வைக்கோலும் காய்கறியும் ஏற்றிப் போகிற லாரிகள்தான் எங்கள் கிளைக்குச் சோறு போட்டன.

லாரிக்கு நோ க்ளெய்ம் போனஸ் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வருஷம் க்ளெய்ம் கேட்காவிட்டால் அடுத்த பிரீமியத்தில் தள்ளுபடி. கேட்காமல் இருக்க இருக்கத் தள்ளுபடி கூடிக்கொண்டே போகும். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டாலும் சேர்த்துவைத்த அத்தனையும் போய்விடும். அதனால் சின்ன அடிக்கெல்லாம் ஒருவரும் எங்கள் மாடிப்படி ஏறமாட்டார்கள். செங்கோட்டை ரோட்டில் டிங்கர் கடையில் விட்டுத் தட்டி நிமிர்த்தி, மேலே பெயிண்ட் அடித்து, மூச்சுக் காட்டாமல் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். லாரிக்கு அது சரியான புத்திதான். அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

மேலகரத்துப் பரமசிவம் அண்ணாச்சி இதில் மன்னன். இரண்டு லாரி வைத்திருந்தார். ஒரு தடவை செக்போஸ்ட் கம்பத்தில் மோதி ஒரு லாரிக்கு முன்பக்கம் முழுக்க அப்பளமாகிவிட்டது. “அண்ணாச்சி, இதுக்காவது க்ளெய்ம் கேளுங்க” என்றோம். “எதுக்கு? ரெண்டு நாளு தட்டுனா சரியாப் போவுது. என் வண்டி ஒங்க ஆபீஸ்ல க்ளெய்முன்னு வந்து நிக்கப்படாது” என்றார். சொன்னபடியே நிமிர்த்திவிட்டார். அவர் போகும்போது ஆபீசே எழுந்து நிற்காத குறைதான்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் கிளைக்கு மெடிக்கல் பாலிசி வந்தது. அதிலும் போனஸ் உண்டு. ஆனால் இது வேறு மாதிரி. தள்ளுபடி கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு இவ்வளவு வரை தருவோம் என்று ஒரு தொகை இருக்கிறதல்லவா, க்ளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் அந்தத் தொகை கொஞ்சம் கொஞ்சமாக உயரும். க்ளெய்ம் கேட்டால் உயர்ந்ததில் ஒரு பகுதி மட்டும் இறங்கும். முழுவதும் போகாது. அசல் தொகையை யாரும் தொடமாட்டார்கள். இதுவும் ஆளாளுக்குத் தனி. மனைவி படுத்தால் மனைவி பெயரில் உள்ளதுதான் இறங்கும், கணவன் பெயரில் உள்ளது அப்படியே இருக்கும். இன்னொரு விதமாகச் சொன்னால், என்றைக்காவது பெரிதாகப் படுத்துக்கொண்டால் பிடித்துக்கொள்ள இன்னும் கொஞ்சம் நீளமான கயிறு. படுக்கிற அன்றைக்குப் பயன்படாவிட்டால் அந்தக் கயிற்றுக்கு அர்த்தமே இல்லை.

இதை ஊருக்கு யார் விளக்கிச் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஏஜெண்ட் சுப்பையா லாரிக்காரர்களிடம்தான் முதலில் போனான். “லாரிக்கு மாதிரிதான் அண்ணாச்சி, கேக்காம இருந்தா ஏறும், கேட்டா போயிரும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அவனுக்கு அதுதான் சுலபம். அவர்களுக்கும் உடனே புரிந்துவிட்டது.

இந்த லட்சணத்தில் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். வெளியூர்க்காரர், சுறுசுறுப்பானவர். மேலே உள்ளவர்களுக்கு நம் கிளையைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரே வெறி. ஆபீஸ் சுவரில் ஒரு போர்டு மாட்டினார். தலைப்பு ‘க்ளெய்ம் கேளாத குடும்பங்கள்’. கீழே வெள்ளைப் பெயிண்டில் பெயர்கள். அதோடு விட்டாரா? குற்றாலத்தில் சீசன் நேரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, போர்டில் பெயர் உள்ளவர்களுக்குப் பெரிய அதிகாரி கையால் பொன்னாடை போடுவது, ஃபோட்டோ எடுப்பது என்று ஒரு விழாவையும் ஆரம்பித்தார். எங்கள் பக்கத்து ஆளுக்குச் சாப்பாடுகூட இரண்டாம் பட்சம். நாலு பேர் பார்க்கத் தோளில் துண்டு விழுந்தால் போதும், உயிரையே கொடுப்பான். இது அந்த மேனேஜருக்கு வந்த வாரமே தெரிந்துவிட்டது. போர்டில் முதலில் ஏறிய பெயர்களில் ஒன்று பரமசிவம் அண்ணாச்சி.

இரண்டாவது வருஷ விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும். வெளியே சாரல். சுப்பையா குடையை உதறிக்கொண்டே மேனேஜர் அறைக்குள் போனான். அறைக் கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும்.

“நம்ம அண்ணாச்சி மாதிரி ஒரு பாலிசிக்காரர் உண்டுமா சார்? மதினி வயித்து வலியில துடிக்காக. பித்தப்பையில கல்லாம். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோயி ஒடனே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கு. அண்ணாச்சி அசையலையே! விழா முடியட்டும், போர்டுல பேரு நிக்கட்டும்ங்காரு.”

மேனேஜர் சிரித்தார். “இதுதான்யா நமக்கு வேண்டிய கஸ்டமர்” என்றார்.

அந்தச் சிரிப்பு இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. வலியில் துடிக்கிறாள் என்று ஒருவன் சொல்கிறான், இன்னொருவன் சிரிக்கிறான். நான் பேனாவை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

“சார், அவர் லாரிக் கணக்கைப் பொண்டாட்டி மேலே போட்டுக்கிட்டிருக்கார். அப்படி இல்லைன்னு நாம போய்ச் சொல்லணும்.”

“க்ளெய்ம் கேளுங்கன்னு நாமே போய்ச் சொல்றதா? உங்களுக்கு எந்தக் கம்பெனிம்மா சம்பளம் தருது?”

“இந்தக் கம்பெனிதான் சார். அந்தப் பாலிசியை வித்ததும் இதே கம்பெனிதான்.”

“அது அவங்க குடும்ப விஷயம். நீங்க உங்க சீட்டைப் பாருங்க.”

நான் என் சீட்டைத்தான் பார்த்தேன். க்ளெய்ம் சீட் அது. அரை நாள் லீவு எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டு டவுன் பஸ்ஸில் மேலகரம் போனேன்.

அண்ணாச்சி வீட்டு வாசலில் வைக்கோல் ஏற்றிய லாரி மேற்கே பார்த்து நின்றது. டிரைவர் முருகன் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். உள்ளே நடுக்கூடத்தில் கட்டிலில் கோமதி அக்கா சுருண்டு கிடந்தார். அண்ணாச்சியின் மனைவி. நாற்பதைத் தாண்டிய, நல்ல உயரமான பெண்மணி. கட்டிலில் பாதிகூட இல்லை. காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தபோது எனக்குப் பகீரென்றது. அவ்வளவு மஞ்சள்.

“வாங்கம்மா. ஆபீஸ்லேருந்து நேராவே வந்துட்டிய. விழா விஷயமா?” என்று அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“விழா கிடக்கட்டும் அண்ணாச்சி. அக்காவை ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல?”

“சின்னக் கல்லுதான். கசாயம் குடுத்திருக்கு. ரேடியேட்டர்ல அடைப்பு விழுந்தா வண்டியத் தூக்கியா எறியுதோம்? கொஞ்சம் பாத்துப் பைய ஓட்டிக்கிட வேண்டியதுதான்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியில் உட்காரவே இல்லை. “ரேடியேட்டர் அடைச்ச வண்டிய ஆரியங்காவு ஏத்தத்துல ஏத்துவியளா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“அது வேற” என்று முனகினார்.

“எல்லாமே வேறதான். இது லாரி பாலிசி இல்ல. ஒரு தடவ கேட்டா எல்லாம் போயிராது. ஏறுனதுல கொஞ்சம் இறங்கும். அதுவும் அக்கா பேர்ல உள்ளதுதான். உங்க பேர்ல உள்ளத யாரும் தொடமாட்டாங்க.”

“அப்படியா? சுப்பையா அப்படிச் சொல்லலையே” என்றார். முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு, ரொம்ப நிதானமாக, “போர்டுல பேரு நிக்குமா?” என்று கேட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. “நிக்காது அண்ணாச்சி.”

“பெறகென்ன. அதானே போச்சுன்னு சொல்லுதேன். கைக்காசப் போட்டுப் பண்ண இப்பம் தோதில்ல. விழாவுக்கு எத்தன நாளு இருக்கு? முடிஞ்ச மறுநா கூட்டிட்டுப் போறேன். அவளும் சரின்னுட்டா.”

இந்த மனுஷன் கெட்டவர் இல்லை, தம்பிகளா. மனைவிக்குத் தலைமாட்டில் அவரே வெந்நீர் வைத்திருந்தார், அவரே கால் அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். போனஸ் போய்விடும் என்ற பயத்தை இரண்டு நிமிஷத்தில் என்னால் தீர்த்துவிட முடிந்தது. எங்கள் ஆபீஸ் மாட்டிய போர்டை அவர் மனதிலிருந்து கழற்ற முடியவில்லை. என் கோபம் அவர் மேல் கால்வாசி, அந்தப் போர்டை மாட்டியவர் மேல் முக்கால்வாசி.

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது. “ஏம்மா, என் பேர்லயா போனஸ் இருக்கு?”

“ஆமாக்கா. உங்க உடம்புக்கு, உங்க பேர்ல.”

“அதக் காப்பாத்தணும்னா மொதல்ல நான் இருக்கணும்லா?”

கோமதி அக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். அண்ணாச்சி பிடிக்கப் போனதற்குக் கையைத் தட்டிவிட்டார். வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, என் தோளில் ஒரு கையைப் போட்டபடி வாசலுக்கு வந்தார்.

“ஏலே முருகா! வண்டியக் கெழக்கத் திருப்பு.”

“யம்மா, லோடு புளியறை தாண்டணும்...”

“வைக்கலு ஒரு நாளு கெடந்தா செத்துராது. திருப்புலே.”

முருகன் அண்ணாச்சியைப் பார்த்தான். பிறகு வண்டியைத் திருப்பினான். அக்காவை நானும் முருகனுமாகத் தூக்கி முன்னால் ஏற்றினோம். வண்டி நகர்ந்த பிறகுதான் அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து தொற்றி ஏறிக்கொண்டார். கேரளாவுக்குப் போக வேண்டிய வைக்கோல் வழியெல்லாம் உதிர்ந்துகொண்டே பாளையங்கோட்டைக்குப் போனது.

அன்று மாலையே வயிற்றைத் திறந்தார்கள். பித்தப்பை முழுக்கச் சீழ். இன்னும் ஓரிரு நாள் விட்டிருந்தால் உள்ளேயே உடைந்திருக்கும், பிழைத்திருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதாக முருகன் வந்து சொன்னான். விழா மட்டும் முடியட்டும் என்று அண்ணாச்சி தள்ளிப்போட்ட நாட்களுக்குள் அது நடந்திருக்கும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. அக்கா வீடு திரும்பினார். க்ளெய்ம் வரவில்லை. கேட்பதற்கு ஒரு கெடு உண்டு, அது ஓடிக்கொண்டிருந்தது. க்ளெய்ம் பாரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மேலகரம் போனேன். பாலிசி அண்ணாச்சி பெயரில், கையெழுத்து அவர்தான் போட வேண்டும். “ஆபரேஷன் பண்ணியாச்சு, உசுரும் பொழச்சாச்சு. கடன வாங்கிக் கட்டுன செலவு என்னோட போட்டும். நான் கேக்கல. கேக்கலன்னா பேரு நிக்கும்லா?” என்றார்.

நான் படித்துப் படித்துச் சொன்னேன். அடுத்த ரினிவலில் போன வருஷம் ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டிவரும், நாளைக்கே அதே வயிற்றில் வேறொன்று வந்து நீங்கள் கேட்டால், இதே ஆபீஸ் அந்தத் தழும்பைக் காட்டி மறைத்துவிட்டீர்கள் என்று கையை விரிக்கும், போர்டா வந்து பணம் கட்டும் என்றேன். அவர் காதில் ஏறவில்லை. மேனேஜரிடம் போனேன். “அந்த வீட்டுல ஆபரேஷன் நடந்திருக்கு சார். அவர் பேரை எடுத்துடுங்க” என்றேன்.

“அவர் கேட்கலையே? நம்ம ரெக்கார்டுல அவர் நோ க்ளெய்ம்தான்” என்றார். இதற்கு என்ன சொல்வீர்கள்? ஒரு பெண் சாவின் வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறாள். இவர் கணக்கில் அவள் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை.

விழா நாள். மண்டபம் நிறையக் கூட்டம். அருவிச் சத்தம் உள்ளேவரை கேட்டது. பெரிய அதிகாரி மேடையில் இருந்தார். என் குரல் கணீரென்று இருக்குமாம், அதனால் பெயர்களை வாசிக்கிற வேலை எனக்கு. பெண்கள் வரிசையில் கோமதி அக்கா. சேலைத் தலைப்பால் வயிற்றைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பொன்னாடை, கைதட்டல், ஃபோட்டோ. பரமசிவம் என்ற பெயர் வந்தது. நான் வாசிக்கவில்லை. அடுத்த பெயரையும் வாசிக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி சும்மா நின்றேன்.

மேனேஜர் எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. “அடுத்து நம் கிளையின் பெருமைக்குரிய பரமசிவம் அவர்கள்! இறைவன் அருளால் இந்த வருஷமும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத குடும்பம்!”

கைதட்டல். அண்ணாச்சி கும்பிட்டபடி எழுந்து பாதி தூரம் வந்துவிட்டார்.

“அப்பம் பாளையங்கோட்டையில வயித்தக் கிழிச்சுக் கெடந்தது யாரு சார்?”

கோமதி அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். கத்தவில்லை. கேட்டார், அவ்வளவுதான். கைதட்டல் அப்படியே நின்றுவிட்டது.

“நான் யாருன்னு கேக்குதேன். இந்த வீட்டுக்காரிதானா, இல்லையா? அந்தத் துண்டு விழணும்னுதான் என்னைய வலியோட போட்டு வச்சிருந்தாக. எனக்குத் தைச்ச தையலு இன்னும் காயல.”

மேனேஜர் மைக்கில் ஏதோ சமாளிக்கப் பார்த்தார். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “எங்க மாமியாருக்கும் கண் ஆபரேஷன் தள்ளிப் போட்டுருக்கு. இதுக்காகத்தான்” என்றாள். இன்னொரு பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தி, “எங்க வீட்டுலயும்” என்று தொடங்கி, பக்கத்தில் இருந்தவர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள். மேடையில் பொன்னாடையோடு நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு கோமதி அக்கா என்று நினைத்திருந்தேன். அந்த வெள்ளைப் பெயிண்ட் பெயர்களுக்குப் பின்னால் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்களோ, அது எங்களில் எவனுக்குத் தெரியும்?

நடுவழியில் நின்ற அண்ணாச்சி மேடையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கும்பிட்ட கை கீழே இறங்கியது. திரும்பி என்னிடம் வந்தார்.

“அந்தப் பாரம் கையில இருக்காம்மா?”

இரண்டாம் தடவை மேலகரம் போய்த் திரும்பியதிலிருந்து அது என் கைப்பையில்தான் இருந்தது. ஒரு நாற்காலியின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். “பேர எடுத்துருங்க” என்றார். பிறகு போய் அக்கா பக்கத்தில், பெண்கள் வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அந்த க்ளெய்மைக் கெடுவுக்குள் முடித்துக் கொடுத்தோம். அக்கா பெயரில் ஏறியிருந்ததில் கொஞ்சம் இறங்கியது. அவ்வளவுதான், வானம் இடிந்து விழவில்லை. போர்டு மறுநாளே இறங்கியது. யாருக்கும் புத்தி வந்ததனால் இல்லை, பெரிய அதிகாரி முன்னால் மானம் போனதனால். எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. மேனேஜருக்குக் கொஞ்ச நாளில் புரமோஷன் கிடைத்தது, வேறு ஊருக்குப் போனார். அங்கேயும் ஒரு போர்டு மாட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது புரிகிறதா, அந்தப் பூங்கொத்தைப் பார்த்து நான் ஏன் எழுந்து வந்தேன் என்று? போனஸ் கொடுங்கள். அது அவர்களுக்குச் சேர வேண்டியது. ஆனால் பாராட்டாதீர்கள். உடம்புக்கு ஒன்றும் வராமல் இருந்தது அவர்கள் செய்த சாதனை அல்ல, வந்தால் அது குற்றமும் அல்ல. க்ளெய்ம் இல்லாத பாலிசி ஒன்று ரினிவலுக்கு வந்தால் அதற்கு இரண்டே அர்த்தம்தான். ஒன்று, அந்த வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள். இல்லையென்றால், யாரோ ஒருவர் சொல்லாமல் கிடக்கிறார். கம்ப்யூட்டரில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். வாயைத் திறந்து கேட்டால்தான் தெரியும். மேலே உள்ளவர்கள் கேட்க வேண்டாம் என்பார்கள். மெமோ வந்தால் வரட்டும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இன்னும் இருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு வந்த இரண்டாவது ரினிவலுக்கு அண்ணாச்சி வரவில்லை. கோமதி அக்கா தனியாகவே மாடிப்படி ஏறி வந்தார். சதை போட்டு முகம் தெளிந்திருந்தது. என் எதிரில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். நான் பைலை எடுத்தேன், க்ளெய்ம் இல்லை. பேனாவை எடுக்காமல் அவரையே பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது, சிரித்துவிட்டார்.

“இந்த வருசம் எனக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றார். நான் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்ததால் என் கையைப் பிடித்து அழுத்தினார். “நெசமாவே ஒண்ணும் இல்ல. எழுதிக்கோ.”